பீடி பிடிக்கும் மாமனாரின் படம்

என் வீட்டுக்காரர் வரைந்த ஆட்கள் யாரும் உயிரோடு இருந்ததில்லை. கல்யாணமாகி மணலூர்பேட்டையிலிருந்து கச்சிராயபாளையம் பக்கம் வாழவந்தபோது நான் முதலில் தெரிந்துகொண்டது இதைத்தான்.

அவர் சென்னையில் ஓவியக் கல்லூரியில் பட்டம் வாங்கிவிட்டு ஊருக்குத் திரும்பியிருந்தார். அந்தப் பட்டத்துக்கு எங்கள் பக்கத்தில் ஒரே ஒரு வேலைதான் இருந்தது. யாராவது இறந்துபோனால் அவருடைய சின்னப் போட்டோ ஒன்றைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். சில சமயம் அது ஏதாவது கல்யாணப் படத்தில் மூன்றாவது வரிசையில் தெரிகிற பாதி முகமாக இருக்கும். மீதிப் பாதியை இவர் யோசித்துப் போட வேண்டும். பெரிதாக வரைந்து, சட்டம் போட்டு, கருமாதிக்குள் கொடுத்துவிட வேண்டும். வாங்க வந்தவர்கள் படத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டால் வேலை நன்றாக அமைந்தது என்று அர்த்தம். அழாமல் உற்றுப் பார்த்தால் காது சரியில்லை என்று அர்த்தம்.

நான் பத்தாவது வரை படித்தவள். ஓவியத்தில் பட்டத்துக்கு மேலே இன்னொரு பட்டம் இருக்கிறது என்பதே அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதற்கு அவர் முந்தின வருஷமே விண்ணப்பித்து, நேர்காணலுக்கும் போய்வந்திருந்தார். அப்போது அவர் கொண்டுபோனவை எல்லாம் கல்வராயன் மலைப் படங்கள். வெள்ளிமலைக்குப் போகிற பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி, பாறை மேல் உட்கார்ந்து வரைந்தவை. காலை மலை, மதிய மலை, மழைக்கு முந்தின மலை. கேள்வி கேட்கிற இடத்தில் இருந்த பெரியவர் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "இத்தனை மலையில் ஒரு மனுஷன்கூட இல்லையா தம்பி?" என்று கேட்டாராம். இடம் கிடைக்கவில்லை.

"செத்தவங்கள வரைஞ்சி வரைஞ்சி எனக்கு உயிரோட இருக்கறவங்க மூஞ்சியப் பாத்தா கையே ஓட மாட்டேங்குது" என்று என்னிடம் சொன்னார். "அவங்க அசையறாங்க."

இந்த வருஷம் மறுபடியும் விண்ணப்பித்தார். மாமனார் அதற்குச் சம்மதித்தார், ஆனால் கடைசித் தடவை என்று சொல்லிவிட்டார். மூங்கில்துறைப்பட்டுச் சர்க்கரை ஆலையில் தெரிந்தவர் ஒருவர் மூலமாகக் கரும்பு எடை போடுகிற வேலைக்கு இவருக்குச் சொல்லிவைத்திருந்தார். "சீட்டு கெடச்சா மெட்ராஸு. கெடைக்கலன்னா எடை மேடை. அடுத்த வருசம்னு ஒண்ணு கெடையாது, ஆமா" என்றார். அவர் கோபமாகப் பேசவில்லை. வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். அதனாலேயே அது மாறாது என்று எங்களுக்குத் தெரிந்தது.

நேர்காணலுக்கு நாள் குறித்துக் கடிதம் வந்தது. மலைகள் தயாராக இருந்தன. ஒரு மனுஷன் வேண்டும்.

முதலில் என்னைத்தான் உட்காரச் சொன்னார். நான் உட்கார்ந்தேன். அவர் பார்த்தார். என்னால் முடியவில்லை. கல்யாணத்தன்று போட்டோக்காரர் நிமிரச் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போன ஆள் நான். ஒருவர் மணிக்கணக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு மூக்கு அரிக்கிறது, கழுத்து திரும்பிவிடுகிறது, அடுப்பில் பால் பொங்குகிற மாதிரி சத்தம் கேட்கிறது. கடைசியில் அவர் வரைந்ததில் என் முதுகும் பின்னலும்தான் இருந்தன.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா யாருன்னு கேப்பாங்களே" என்றார்.

மாமியாரிடம், அதாவது அத்தையிடம், கேட்டோம். "நான் குந்திக்கினா சோத்த யாரு ஆக்குவா, ஒங்க காலேஜிலேர்ந்து வந்து ஆக்குவாங்களா?" என்று அத்தை கேட்டார்.

மாமனாரிடம் கேட்டபோது அவர் எழுந்து நின்றேவிட்டார். "டேய், நீ வரைஞ்சவன் எவன்டா உயிரோட இருக்கான்? பாலக்கரையான் வூட்டுப் பெரியவரு, மேலத் தெரு ரேஷன் கடக்காரரு, போன மாசம் அந்தம்மா. எல்லாரும் போய்ச் சேந்தவங்க. இப்ப என்னியா?"

"அவங்க செத்தப்பறம்தாம்பா நான் வரைஞ்சேன்."

"எனக்கு மட்டும் முன்னாடியே வரைஞ்சி வெச்சிக்கலாம்னு பாக்கறியா?"

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இவர் ஒரு கண்ணாடியை வைத்துத் தன்னையே வரைய ஆரம்பித்து, தாடியில் நிறுத்திவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் மறியல் வந்தது. இட ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராகக் கூட்டமும் ஊர்வலமும் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. இந்தத் தடவை ஒரு வாரம் முழுக்கச் சாலை மறியல் என்றார்கள். சொன்னபடி முதல் நாள் காலையிலேயே சாலையோரத்துப் புளியமரங்கள் ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தன. பஸ் இல்லை, லாரி இல்லை, பேப்பர் இல்லை, சவரக் கடை இல்லை. ரேடியோவில் கேட்ட செய்திகள் நல்லதாக இல்லை. உயிர் போன ஊர்கள் இருந்தன, வீடு எரிந்த தெருக்கள் இருந்தன. அவற்றைப் பற்றி எழுத என்னைவிடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நான் பார்த்தது எங்கள் ஊரிலிருந்து போன ஒரு மாட்டு வண்டியைத்தான்.

மறியலால் மாமனாருக்கு வேலை இல்லாமல் போயிற்று. வெட்டின கரும்பு போக வழியில்லை, அதனால் வெட்டை நிறுத்திவிட்டார்கள். கோமுகி அணைத் தண்ணீரைக் காலையில் ஒரு சுற்றுத் திருப்பிவிட்டு வந்தால் அப்புறம் பொழுது போகாது. ஒரு நாள் முழுக்கத் தொழுவத்துக்கும் கிணற்றடிக்கும் நடந்து பார்த்தார். மறுநாள் காலை, வேப்பமரத்தடியில் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தார்.

"சும்மாத்தான் குந்திக்கினு இருக்கப் போறேன். வரையறதுன்னா வரைஞ்சிக்க. ஆனா ஒண்ணு."

"இன்னாப்பா?"

"நான் பீடி புடிக்கற மாதிரி வரையணும். பொக வரணும். பாக்கறவனுக்கு இந்தாளு உசுரோட இருக்கான்னு தெரியணும்."

இப்படித்தான் அந்தப் படம் உருவானது. மாமனார் ஒரு கட்டுப் பீடியைத் தீர்த்தார், அடுத்த கட்டையும் பிரித்தார். புகை நிற்காததால் இவர் ஒவ்வொரு தடவையும் "இன்னொரு இழுப்புப்பா, இன்னொரு இழுப்பு" என்றார். அத்தை உள்ளேயிருந்து, "படத்துல உசுரோட இருக்கறதுக்கு நெஜத்துல செத்துடப் போறாரு" என்று கத்தினார். ஆள் உயரத்தில் முக்கால் அளவு இருக்கும் அந்தப் படம். வெள்ளைத் துண்டு கட்டின தலை, மூன்று நாள் தாடி, சட்டைப் பொத்தான் ஒன்று கழன்ற இடம், விரலிடுக்கில் பீடி, அதிலிருந்து மேலே போய்க் கலைகிற புகை. நான் அதுவரை மாமனாரை நேராகப் பார்த்ததில்லை. மரியாதைக்காகக் கொஞ்சம் கீழே பார்த்தே பேசிப் பழக்கம். படத்தில்தான் அவருடைய புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு இருப்பதைப் பார்த்தேன்.

படம் முடிந்தது. ஆனால் ஆயில் பெயிண்ட் காயவில்லை. தலைத்துண்டுக்கு வெள்ளையை அப்பி அப்பி வைத்திருந்தார், அது வெண்ணெய் மாதிரி இருந்தது. நேர்காணலுக்கு மீதி ஒரே ஒரு நாள்தான் இருந்தது. விழுப்புரத்திலிருந்து ரயில் போகிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். விழுப்புரம் வரை எப்படிப் போவது?

"வண்டி கட்டறேன்" என்றார் மாமனார்.

நாங்கள் இரண்டு பேரும் அவரையே பார்த்தோம்.

"கடசித் தடவன்னு சொன்னேன் இல்ல? கடசித் தடவைய ஒழுங்கா பண்ண வேணாமா?"

விடிவதற்குள் கிளம்பினோம். மலைகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பழைய வேட்டியில் கட்டியாயிற்று. காயாத படத்தை மட்டும் படுக்கவைக்க முடியாது, மூடவும் முடியாது. வண்டியின் பக்கவாட்டுக் கழியோடு நிற்கவைத்துக் கட்டி, சாயாமல் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். அந்த ஆள் நான். தெருவில் எல்லாரும் பார்ப்பார்களே என்று முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு படத்துக்குப் பின்னால் உட்கார்ந்தேன். மாமனார் வண்டி ஓட்டினார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நடந்து வந்தார், பள்ளம் வந்தால் படத்தை ஒரு கையால் தாங்கினார்.

கள்ளக்குறிச்சிக்குப் போகிற ரோட்டில் முதல் மரம். மரத்தின் மேலும் அடியிலுமாகக் கூட்டம் உட்கார்ந்திருந்தது. மாட்டு வண்டி போக வயலோரமாகத் தடம் இருந்தது, ஆனால் அதிலும் முள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள். வண்டியைப் பார்த்ததும் நான்கைந்து பேர் வேகமாக எழுந்து வந்தார்கள். படத்தைப் பார்த்ததும் நின்றார்கள். ஒருவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"கருமாதிங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அவர் மேல் தப்பில்லை. எங்கள் பக்கத்தில் அவ்வளவு பெரிய படத்தில் ஒரு கிழவர் வண்டியில் வந்தால் வேறு எதுவாகவும் இருக்க முடியாது. கூடவே சவரம் செய்யாத ஆண்பிள்ளைகள் இரண்டு பேர், தலையில் முந்தானை போட்டுக்கொண்டு வாயைத் திறக்காத ஒரு பெண். என் வீட்டுக்காரர் "இல்லீங்க, இது வந்து..." என்று ஆரம்பித்தார். அதற்குள் மாமனார் வண்டியிலிருந்து இறங்கிவிட்டார்.

"ஆமாம்பா" என்றார். "எங்க அண்ணன்."

"ஒரே அச்சா இருக்கீங்களே!"

"ஒரு வயித்துப் பொறப்பு இல்லியா."

"எப்டிங்க ஆச்சு?"

மாமனார் ஒரு நிமிஷம் யோசித்தார். "கரும்புக்குத் தண்ணி கட்டிக்கினு இருந்தாரு. வரப்புல குந்தி ஒரு பீடி பத்த வெச்சாரு. அவ்ளோதான். பீடி மட்டும் எரிஞ்சிக்கினு இருந்துச்சாம்."

கூட்டத்தில் ஒருவர் "ச்சொ" என்றார். "அதான் பீடியோடவே வரைஞ்சிருக்காங்க போல. எவ்ளோ பிரியம் இருந்தா அப்டி வரையத் தோணும், பாரு" என்றார் இன்னொருவர். மாமனாரின் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் மட்டும் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முள்ளை இழுத்துப் போட்டு வழி விட்டார்கள். அதோடு விட்டிருக்கலாம். நல்ல மனுஷர்கள், சும்மா அனுப்ப மனசு வரவில்லை. பக்கத்துக் கோயிலோரத்தில் அரளி பறித்து, வாழை நாரில் அவசரமாகத் தொடுத்து, நாங்கள் வாயைத் திறப்பதற்குள் படத்தின் மேல் மாலையாகப் போட்டுவிட்டார்கள். காயாத பெயிண்டில் மாலை பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டது.

கண்ணுக்கு எட்டாத தூரம் போனபின் வண்டியை நிறுத்தினோம். இவர் மாலையைக் கழற்றினார். நார் வந்தது, பூ வரவில்லை. தலைத்துண்டின் வெள்ளையில் நான்கைந்து சிவப்பு இதழ்கள் அழுந்தி நின்றன, சட்டையில் சில. ஒன்றை எடுத்துப் பார்த்தார். இதழோடு தோள்பட்டையும் கொஞ்சம் வந்தது.

"இன்னாடா, போச்சா?" என்றார் மாமனார்.

"எடுத்தா போயிடும். வுட்டா இருக்கும்."

"அப்போ வுடு."

வண்டி போய்க்கொண்டிருந்தது. மாமனார் திரும்பாமலே என்னிடம் கேட்டார், "ஏம்மா, நெஜமா செத்தா இவ்ளோ பேரு துக்கம் கேப்பாங்களா?"

"கேப்பாங்க மாமா" என்றேன்.

"கேப்பாங்க, கேப்பாங்க" என்று மாட்டைத் தட்டினார். குரலில் ஒரு திருப்தி இருந்தது.

எங்களுக்கு அப்போது தெரியாது, அந்தத் துக்கம் எங்களுக்கு எதிர்த் திசையில் நடந்துகொண்டிருந்தது. மரத்தடியில் இருந்த ஒருவருக்கு எங்கள் ஊர்க்காரர் யாரோ தெரிந்தவர். அவர் சைக்கிளில் போய்ச் சொல்ல, 'அண்ணன்' வழியில் எங்கேயோ உதிர்ந்து மாமனாரே போய்விட்டதாக ஆகி, மதியத்துக்குள் அத்தையின் வாசலில் பெண்கள் கூடி மாரில் அடித்துக்கொண்டு அழுதிருக்கிறார்கள். அத்தைக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும், "காலையில மூணு தோச துன்னுட்டு வண்டியில போனாரு. செத்தவரு மூணு தோச துன்னுவாரா?" என்று கேட்டிருக்கிறார். யாரும் நம்பவில்லை, பாவம் அதிர்ச்சியில் பேசுகிறாள் என்று இன்னும் சத்தமாக அழுதிருக்கிறார்கள். கடைசியில் வந்த எல்லாருக்கும் காப்பி போட்டுக் கொடுத்துத்தான் அனுப்பினாராம். நாங்கள் திரும்பி வந்தபின் மாமனாரிடம் அத்தை ஒரு வாரம் பேசவில்லை. "ஒனக்குத் துக்கம் கேட்டே பால் தீந்துபோச்சி" என்பதுதான் முதலில் பேசிய வார்த்தை.

கள்ளக்குறிச்சியைத் தாண்டி, பெரிய ரோட்டில் தியாகதுருகத்துக்கு முன்னால் அடுத்த மறியல். இங்கே ஒரு மரம் இல்லை, வரிசையாக மரங்கள். கூட்டமும் பெரிது. கொடியும் மேளமும் இருந்தன. மரங்களுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட லாரிகள் தெரிந்தன, அவற்றில் ஒன்று, விழுப்புரம் பக்கம் போலீஸ் மரங்களை அகற்றிவிட்டது என்று கேள்விப்பட்டு, வந்த வழியே போகத் திரும்பிக்கொண்டிருந்தது.

இந்தத் தடவை கேட்பதற்கு முன்பே மாமனார் தயாராக இருந்தார். தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டு, முகத்தை இறக்கிக்கொண்டு, "எங்க அண்ணன்..." என்று ஆரம்பித்தார்.

"யோவ்!" என்று ஒரு குரல் கேட்டது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒருவர் வந்தார். எங்கள் தோட்டத்துக்கு வருஷா வருஷம் கரும்பு வெட்ட ஆட்களைக் கூட்டி வருகிற மேஸ்திரி. "அண்ணனா? ஒனக்கு ஏதுய்யா அண்ணன்? நீதான வூட்டுக்கு மூத்தவன்! நாலு நாளு முன்னாடி என்கிட்ட பேசிக்கினு இருந்த, இப்ப படத்துல இருக்கற, வண்டியும் ஓட்டற?"

கூட்டம் படத்தைப் பார்த்தது, மாமனாரைப் பார்த்தது, மறுபடி படத்தைப் பார்த்தது. முதலில் யாரோ சிரித்தார்கள். ஆனால் கொடி பிடித்திருந்தவர் சிரிக்கவில்லை. "சாவச் சொல்லி ஏமாத்துவீங்களா? நாங்க இன்னா வெளையாட்டுக்கா வெயில்ல குந்திக்கினு இருக்கோம்?" என்றார். பின்னாலிருந்து, "வண்டியத் திருப்பச் சொல்லு", "மாட்ட அவுத்து வுடு" என்று குரல்கள் எழுந்தன. மாமனார் தோளில் கிடந்த துண்டை எடுத்து மறுபடி தலையில் கட்டிக்கொண்டார்.

அப்போது என் வீட்டுக்காரர் பேசினார். அவரும் என்னைப் போலக் கூட்டத்தில் பேசாத ஆள்தான்.

"தப்புதாங்க. நாளைக்கு எனக்கு மெட்ராஸ்ல காலேஜி இண்டர்வியூ. பட்டத்துக்கு மேல படிக்கறது. இந்தப் படத்த அங்க காட்டணும். இது எங்க அப்பா. முன்னாடி மரத்துல கருமாதியான்னு கேட்டாங்க, அவரும் ஆமான்னுட்டாரு."

"இன்னா படிப்பு?"

"படம் வரையறதுங்க."

"படம் வரையறதுக்குப் படிப்பா? அதுவும் பட்டத்துக்கு மேலயா?"

"ஆமாங்க."

கொடிக்காரர் கொஞ்சம் யோசித்தார். "அதுல எத்தினி சீட்டு?"

"கம்மிதாங்க. ஒரு பத்து இருக்கும்."

"நம்ம பக்கத்துப் பசங்க எவனாவது அதுல படிச்சிருக்கானா?"

"எனக்குத் தெரிஞ்சி யாரும் இல்லீங்க."

"சீட்டுக்குத்தாண்டா நாம குந்திக்கினு இருக்கோம்" என்று அவர் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "சீட்டு கேக்கப் போறவனையே நிறுத்திட்டா நாளைக்கு யாருக்குக் கேக்கறது?" பிறகு இவரிடம் திரும்பி, "இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? பொணத்துக்கு வழி வுடுவோம், படிக்கறவனுக்கு வுட மாட்டோம்னு நெனச்சிட்டியா?" என்றார்.

வண்டி அந்த மரங்களைத் தாண்ட முடியாது. மேஸ்திரி மாட்டை அவிழ்த்துத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார், திரும்பி வரும்வரை தீனி தண்ணி தன்னுடையது என்றார். மலைப் படங்களின் கட்டை ஓர் ஆள் தலையில் வைத்துக்கொண்டார். காயாத படத்தை எப்படித் தூக்குவது என்று ஒரு சின்னப் பஞ்சாயத்து நடந்தது. கடைசியில் இரண்டு மூங்கில் கழியின் மேல் படத்தை மல்லாக்கக் கிடத்தி, நான்கு பேர் தோளில் தூக்கினார்கள். முகம் வானத்தைப் பார்த்திருந்தது. மரத்துக்கு மரம் மெதுவாக ஏறி இறங்கினார்கள். பின்னால் மாமனார் நடந்தார். அது எந்த மாதிரி இருக்கிறது என்று எல்லாருக்கும் ஒரே சமயத்தில் தோன்றியிருக்க வேண்டும். மேளக்காரர் மட்டும் அதை உள்ளே வைத்துக்கொள்ளாமல் அதற்கேற்ற அடியை மெதுவாக அடிக்க ஆரம்பித்துவிட்டார்.

"டேய், நிறுத்துடா!" என்று மாமனார் கத்தினார். "சங்கு ஊதவும் ஆள் கொண்டாங்களேன், கொறயா இருக்கு!"

கூட்டம் முழுவதும் சிரித்தது, கொடிக்காரரும் சிரித்தார். நானும் முந்தானைக்குள் சிரித்தேன். திரும்பிக்கொண்டிருந்த லாரியைக் கொடிக்காரரே நிறுத்தி, எங்களை விழுப்புரத்தில் இறக்கிவிடச் சொல்லிவிட்டார். அது வெங்காயம் ஏற்றிக்கொண்டு வந்து நாள்கணக்கில் மாட்டியிருந்த லாரி. மாமனார் ஊருக்குத் திரும்பியிருக்கலாம். ஆனால் மாட்டை மேஸ்திரி ஓட்டிக்கொண்டு போயிருந்தார், நடக்கவும் மனசில்லை. "தூக்கிக்கினு வந்தது வந்தோம், கடசி வரிக்கும் பாத்துட்டே போறேன்" என்று ஏறிக்கொண்டார். வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் அவரும் அவர் படமும் எதிரெதிராக உட்கார்ந்து விழுப்புரம் வந்தார்கள். அங்கிருந்து ரயில்.

நேர்காணல் நடந்த கட்டடம் பழைய சிவப்புக் கட்டடம். வராந்தா முழுக்கப் பிள்ளைகள் படங்களைச் சுவரோரம் சாத்திவிட்டு நின்றார்கள். எங்கள் மேல் வெங்காய வாசனை அடித்தது. பெயர் கூப்பிட்டதும் இவர் உள்ளே போனார். படத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நானும் வாசல் வரை போய்விட்டுத் திரும்பி ஓடிவந்தேன். உள்ளே நடந்ததை அவர் பிறகு சொன்னார்.

போன வருஷம் மனுஷன் எங்கே என்று கேட்ட அதே பெரியவர்தான் நடுவில் இருந்தாராம். மலைகளைத் தள்ளிவிட்டு மாமனார் படத்துக்கு முன்னால் போய் நின்றார். வெகு நேரம் பார்த்தார். தலைத்துண்டில் பதிந்த இதழ்களைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, "அப்பாவா? எப்போ தவறினார்?" என்றார்.

"வெளியில பீடி புடிச்சிக்கினு இருக்காரு சார்."

கதவைத் திறந்துகொண்டு நேர்காணல் எடுத்த மூன்று பேரும் வெளியே வந்தார்கள். மாமனார் பதறிப்போய்ப் பீடியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். பெரியவர் படத்தைக் கதவோரம் கொண்டுவரச் சொல்லி, மாமனாரை அதன் பக்கத்தில் நிற்கவைத்து, "பீடியை முன்னால் கொண்டுவாங்க, படத்தில் இருக்கிற மாதிரி" என்றார். மாமனார் கொண்டுவந்தார். புகை மேலே போனது, படத்தில் இருந்த புகையும் அதே பக்கமாகத்தான் சாய்ந்திருந்தது.

"எப்படி இருக்கு படம்?" என்று மாமனாரைக் கேட்டார்.

"நல்லாத்தாங்க இருக்கு. மூக்கு மட்டும் எனக்கு அவ்ளோ பெருசு இல்லீங்க."

பெரியவர் மூக்கை ஒப்பிட்டுப் பார்த்தார். "அவ்வளவுதான் இருக்கு" என்றார். பிறகு இவரிடம், பூவை வேண்டுமென்றே வைத்தாயா என்று கேட்டார். நான் பயந்தேன். ஏதாவது பெரிய விளக்கம் சொல்லியிருந்தால் ஒருவேளை நன்றாக இருந்திருக்கும். இவர் மறியலையும் மாலையையும் உள்ளது உள்ளபடி சொன்னார். "எடுத்தா பெயிண்டும் வந்துடும்னு வுட்டுட்டேன் சார்" என்றார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரித்தார்களா, முகம் சுளித்தார்களா என்று எனக்குத் தெரியவில்லை. கதவு மூடிக்கொண்டது.

பட்டியலை அன்று மாலையே ஒட்டுவதாகச் சொன்னார்கள். அதுவரை நாங்கள் மூன்று பேரும் வராந்தாவின் கடைசியில் உட்கார்ந்திருந்தோம். இவர் ஒன்றும் சாப்பிடவில்லை. எடை மேடையில் வேலை எத்தனை மணிக்கு ஆரம்பிக்கும் என்று ஒரு தடவை கேட்டார்.

ஒட்டினார்கள். பிள்ளைகள் எல்லாரும் பலகைக்கு முன் குவிந்தார்கள். இவர் எழுந்திருக்கவே இல்லை. "நீ போய்ப் பாரு" என்றார் என்னிடம். மாமனாருக்குப் படிக்கத் தெரியாது, இவர் போகப் போவதில்லை. நான்தான் போனேன். தெரியாத பிள்ளைகளின் தோள்களுக்கு நடுவே முதல் தடவையாக முண்டிக்கொண்டு போய், ஆங்கிலத்தில் தட்டச்சு செய்திருந்த பெயர்களை மேலிருந்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். மேலே இல்லை. நடுவிலும் இல்லை. கடைசிப் பெயர் அவருடையது.

அங்கிருந்து கத்த எனக்கு வரவில்லை. திரும்பி வந்து, "இருக்குதுங்க. கடசியில" என்றேன். அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார், மறுபடியும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

மாமனார் என்னைக் கூட்டிக்கொண்டு பலகைக்குப் போனார். "எதும்மா?" நான் காட்டினேன். விரலை அந்தப் பெயரின் மேல் வைத்துப் பார்த்தார். விரலைக் கொஞ்சம் கீழே இறக்கினார். வெறும் காகிதம்.

"இதுக்குக் கீழ யாரும் இல்லியா?"

"இல்லீங்க மாமா. அவ்ளோதான் சீட்டு."

"அப்போ இவனுக்கு அடுத்ததா வந்தவன் எவனோ. பாவம், எங்கேர்ந்து வந்தானோ" என்றார்.

கூட்டம் கலைந்திருந்தது. வராந்தாவில் ஒரு பையன் மட்டும் தன் படங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். என் வீட்டுக்காரர் வயதுதான் இருக்கும். கயிறு வழுக்கி வழுக்கி அவிழ்ந்தது. மாமனார் போய்க் குனிந்து, முடிச்சின் மேல் விரலை வைத்து அழுத்திக்கொண்டார். பையன் நிமிர்ந்து பார்த்துவிட்டு இறுக்கிக் கட்டினான்.

"எந்த ஊருப்பா?"

"பண்ருட்டிப் பக்கம்ங்க."

"எப்டி வந்த? அங்கயும் மரம் போட்டிருப்பாங்களே."

"நடந்தேங்க. அப்புறம் பால் வண்டி."

"பஸ்ஸு இன்னும் வுடல. விழுப்புரம் வரிக்கும் எங்களோட வா, ஒண்ணா போலாம்" என்றார் மாமனார். பையன் பதில் சொல்வதற்குள் கட்டின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டார். "இன்னாத்த வரைஞ்சிருக்க, இவ்ளோ கனமா கெடக்கு?"

"முந்திரித் தோப்புங்க" என்றான் அவன்.